நார்ச்சத்து பவுடர் கொடுத்தும் பையனுக்கு மோஷன் வரலை, வயிறுதான் உப்புது: ஒரு அம்மாவோட கேள்விக்கு டாக்டர் பதில்

ஆறு வயசுப் பையனோட அம்மா ஒருத்தங்க நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற மாதிரி இருந்ததையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். பையன் நாலு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் மோஷன் போறான், போறப்போ அழுறான், வர்றதும் பெரிய கட்டியா வந்து டாய்லெட்டே அடைச்சுக்குது, ஒரு தடவை அதுமேல கோடு மாதிரி ரத்தம் இருந்திருக்கு. நடுநடுவுல ஜட்டில பழுப்பா கறை படுது, கேட்டா "எனக்குத் தெரியலை"ங்கறான், சோம்பேறித்தனம்னு நினைச்சு திட்டியிருக்காங்க, ஒரு தடவை கை நீட்டியும் இருக்காங்க.

சாப்பாடு இப்படி: காலையில பாலும் பிஸ்கெட்டும், ஸ்கூலுக்கு வெள்ளை பிரெட்டும் ஜாமும், சாயந்திரம் நூடுல்ஸ், ராத்திரி சாதமும் முட்டையும். காய் தட்டுல விழுந்தா பொறுக்கி ஓரமா வச்சிடுவான். பழம் ஜூஸா மட்டும்தான் உள்ள போகும், ரெண்டு கிளாஸ். பால் மூணு பெரிய டம்ளர். ஏதோ வீடியோ பார்த்துட்டு ரெண்டு வாரமா கோதுமைத் தவிட்டுப் பவுடரைப் பால்ல கலந்து கொடுக்கறாங்க, கூடவே 'கம்மி' (gummy)ன்னு விக்கற, மிட்டாய் மாதிரி இருக்கற நார்ச்சத்துப் பொருள். வயிறு உப்பினதுதான் மிச்சம், வலின்னு இன்னும் அதிகமா அழுறானாம்.

"அளவு பத்தலையா டாக்டர், இன்னொரு ஸ்பூன் ஏத்தட்டுமா?"ன்னு கேக்கறாங்க. மருந்து கொடுத்தா குடல் அதுக்கே பழகிடும்னு பயம். வீட்டுக்காரர் "நார்ச்சத்தெல்லாம் வயசானவங்க சமாச்சாரம்"ங்கறார், பாட்டி "பால் நல்லா குடிக்கிறானே, வளர்ற பிள்ளைக்கு வேற என்ன வேணும்"ங்கறாங்க. மூணு வயசுத் தங்கச்சிக்கும் இப்பவே பவுடர் ஆரம்பிச்சிடலாமான்னு கடைசியில ஒரு கேள்வி.

அம்மா, முதல்ல அந்தப் பவுடரை நிறுத்துங்க, அந்த கம்மி மிட்டாயையும் சேர்த்து. நார்ச்சத்து தப்பான பொருள்னு சொல்லலை, உங்க பையனுக்கு அது ரொம்பவே குறைவாத்தான் போய்க்கிட்டு இருக்கு, ஆனா நீங்க கொடுக்கற நேரம் தப்பு. நார்ச்சத்தோட வேலையே மலத்தோட பருமனைக் கூட்டறதும் தண்ணியைப் பிடிச்சு வைக்கறதும்தான். கீழ வழி திறந்திருந்தா அது நல்லது. நீங்க எழுதினதைப் படிச்சா உங்க பையனுக்குக் கீழ ஏற்கனவே கட்டி தங்கியிருக்கற மாதிரிதான் தெரியுது, அப்படி இருக்கறப்போ மேலேர்ந்து இன்னும் பருமன் சேர்த்துக்கிட்டே போனா அது போக இடம் எங்க? அங்கேயே நின்னு புளிச்சு கேஸ் ஆகி வயிறு உப்புது. இன்னொரு ஸ்பூன் போட்டா இன்னும் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான்.

குழந்தைகளோட மலச்சிக்கலுக்கு ஐரோப்பா, வட அமெரிக்கா ரெண்டு பக்கத்து குழந்தைகள் வயிற்று நல மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து 2014-ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அதுல சொல்றது என்னன்னா, மத்த குழந்தைங்களுக்கு வேண்டிய சாதாரண அளவு நார்ச்சத்து இவங்களுக்கும் வேணும், ஆனா அதுக்கு மேல தனியா பவுடர், மாத்திரைன்னு கொடுத்து சிகிச்சை பண்றதுக்கு ஆதாரம் இல்லைங்கறதுதான். "நார்ச்சத்து நல்லது"ங்கறதும் "நார்ச்சத்து பவுடர் மருந்து"ங்கறதும் ஒண்ணு இல்லை, வீடியோ போடறவங்க இந்த ரெண்டையும் கலந்து கட்டி அடிச்சு விட்டுடறாங்க.

ஜட்டில படற கறை

இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா பையன் இதுக்கு அடி வாங்கியிருக்கான். ஒரு தடவை மோஷன் போறப்போ வலிச்சிருக்கும், அதுலேர்ந்து குழந்தை பயந்து அடக்க ஆரம்பிக்குது. அடக்கறதுன்னா எப்படி இருக்கும்னு பாருங்க: கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு நுனிக்கால்ல நிப்பான், முதுகு விறைச்சுக்கும், முகம் சிவந்துடும், சோபா பின்னாடியோ கதவு பின்னாடியோ போய் ஒளிஞ்சுக்குவான். பார்க்கறவங்க "முக்கறான் பாவம், வர மாட்டேங்குது"ன்னு நினைப்பாங்க, அவன் முக்கலை, வெளிய வராம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். இன்னைக்கு சாயந்திரம் அவன் காலைக் கவனிச்சுப் பாருங்க, புரிஞ்சிடும்.

இப்படி அடக்க அடக்க உள்ள இருக்கறதுலேர்ந்து குடல் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், கட்டி இன்னும் இறுகும், மறுபடி போறப்போ இன்னும் வலிக்கும், அதனால இன்னும் அடக்குவான். மாசக்கணக்குல இது நடந்தா மலக்குடல் பழைய எலாஸ்டிக் மாதிரி தொய்ஞ்சு போயிடுது, நிறைஞ்சிருக்குங்கற உணர்வே மூளைக்குச் சரியா போறதில்லை. புதுசா வர்ற இளகின மலம் அந்தக் கட்டியோட ஓரத்துல வழிஞ்சு அவனுக்குத் தெரியாமலே கசியுது. "எனக்குத் தெரியலை"ன்னு அவன் சொன்னது நிஜம்மா. சில வீட்ல இந்தக் கசிவைப் பார்த்துட்டு வயித்துப்போக்குன்னு நினைச்சு அதுக்கு மருந்து கொடுத்துடறாங்க, அது இன்னும் மோசம். இனிமே இதுக்குத் திட்டாதீங்க, "இது உன் தப்பு இல்லை, வயிறு செய்யற வேலை, நாம சரி பண்ணிடலாம்"னு அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, பல பிள்ளைங்களுக்குப் பாதி பயம் அதுலயே போயிடும்.

மருந்துக்குக் குடல் பழகிடுமா

இந்தப் பயம் கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் இருக்கு, அதனாலேயே நாலு நாள் கொடுத்துட்டு நிறுத்திடறாங்க, திரும்ப வந்து நிக்கறாங்க. குழந்தைங்களுக்கு முதல்ல எழுதிக் கொடுக்கற மருந்து பெரும்பாலும் பாலிஎதிலீன் கிளைகால், அது இல்லைன்னா லாக்டுலோஸ். பாலிஎதிலீன் கிளைகால் உடம்புக்குள்ள கிட்டத்தட்ட உறிஞ்சப்படறதே இல்லை, குடல்லயே இருந்து தண்ணியைப் பிடிச்சு வச்சு மலத்தை இளக்கிட்டு வெளிய வந்துடும். குடலோட நரம்பைத் தூண்டி வேலை வாங்கற வகை இல்லை, அதனால பழகிப் போற பேச்சு இல்லை. சொல்லப்போனா மருந்து கொடுக்காம விட்டுத்தான் குடல் தொய்யுது.

முறை என்னன்னா, முதல் சில நாள் கூடுதல் அளவுல கொடுத்து உள்ள தங்கினதையெல்லாம் காலி பண்ணணும், அப்புறம் அளவைக் குறைச்சு தினமும் கொடுத்துக்கிட்டே வரணும், அது குறைஞ்சது ரெண்டு மாசம். எல்லா தொந்தரவும் நின்னு ஒரு மாசமாவது ஆன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தறது. ஒரு வாரம் நல்லா போனான்னு டப்புனு நிறுத்தினா திரும்பவும் முதல்லேர்ந்துதான். அளவை எடை பார்த்து உங்க குழந்தைகள் டாக்டர் சொல்லணும், நான் இங்க எழுதறது சரியா இருக்காது. இனிமான்னு பயப்படாதீங்க, வாய்வழி மருந்துலயே பெரும்பாலும் வேலை முடிஞ்சிடும். ரத்தம் கோடு மாதிரி வந்தது, கட்டி போறப்போ ஆசனவாய்ல லேசா கிழிஞ்சதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனா டாக்டர் ஒரு தடவை கண்ணால பார்த்துடறது நல்லது.

சரி, நார்ச்சத்துக்கு வருவோம்

உங்க வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. தாய்ப்பால்லயே குழந்தையால ஜீரணிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கு, அது குழந்தைக்கான உணவே இல்லை, குழந்தையோட குடல்ல வளர்ற நல்ல பாக்டீரியாவுக்கான உணவு. நார்ச்சத்து பெரியவன் ஆனதுக்கு அப்புறம் செய்யற வேலையை, பிறந்த முதல் வாரத்துலயே தாய்ப்பால் செஞ்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் இது எப்படி வயசானவங்க சமாச்சாரம் ஆகும்? 1970-கள்ல டெனிஸ் பர்கிட்னு ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர், உகாண்டாவுல பல வருஷம் வேலை பார்த்தவர், நார்ச்சத்து குறைஞ்ச சாப்பாட்டையும் பெரியவங்களுக்கு வர்ற பல குடல் நோய்களையும் தொடர்புபடுத்திப் பேசி இதைப் பிரபலமாக்கினார், அதுலேர்ந்துதான் நார்ச்சத்துன்னா பெரியவங்க விஷயம்ங்கற எண்ணம் ஒட்டிக்கிச்சுன்னு எனக்குத் தோணும்.

நார்ச்சத்துங்கறது சிறுகுடல்ல ஜீரணமாகாம அப்படியே பெருங்குடலுக்குப் போற மாவுச்சத்து வகை. கோதுமைத் தவிடு, காய்கறித் தோல் இதுல இருக்கற கரையாத நார் பருமன் கூட்டித் தள்ளும். ஓட்ஸ், பருப்பு, ஆப்பிள், கேரட் இதுலயெல்லாம் இருக்கற கரையற நார் தண்ணில ஊறி ஜெல் மாதிரி ஆகி மலத்தை மிருதுவாக்கும், அங்க இருக்கற பாக்டீரியா அதை நொதிக்க வச்சு சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும், அதுல பியூட்டிரேட்னு ஒண்ணு பெருங்குடல் சுவர் செல்களுக்கே சாப்பாடு. பெரும்பாலான காய், பழம், பயறுல ரெண்டு வகையும் கலந்துதான் இருக்கு, அதனால எது எந்த வகைன்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

எவ்வளவு வேணும்னு கேட்டா, உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொன்னது 2 முதல் 5 வயசுக்கு குறைஞ்சது 15 கிராம், 6 முதல் 9 வயசுக்கு 21 கிராம், 10 வயசுக்கு மேல 25 கிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 4 முதல் 6 வயசுக்கு 14 கிராம் போதும்ங்கறாங்க, அமெரிக்கக் கணக்குல 4 முதல் 8 வயசுக்கு 25 கிராம். பழைய ஒரு குத்துமதிப்புக் கணக்கும் உண்டு, குழந்தையோட வயசுல அஞ்சைக் கூட்டிக்கோ, அத்தனை கிராம், அப்படிப் பார்த்தா உங்க பையனுக்கு 11. ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்களேன்னு குழம்பாதீங்க, நான் என்கிட்ட வர்றவங்களுக்குச் சொல்றது 15-லேர்ந்து 20-க்குள்ள வந்தா சந்தோஷம், தராசு வச்சு நிறுக்க வேண்டாம்னுதான்.

இப்ப உங்க பையனோட ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். வெள்ளை பிரெட் ரெண்டு ஸ்லைஸ், ஒண்ணரை கிராம். நூடுல்ஸ் ரெண்டு கிராம் வந்தா பெரிசு. வெள்ளைச் சாதம் ஒரு கப், ஒரு கிராம்கூட இல்லை. பிஸ்கெட், ஜூஸ் ரெண்டும் சேர்ந்து இன்னொரு கிராம். பால்லயும் முட்டையிலயும் நார்ச்சத்து சுத்தமா கிடையாது. மொத்தமே அஞ்சு, அஞ்சரை கிராம். எந்தக் கணக்கை எடுத்தாலும் பாதியைத் தாண்டலை.

"நார்ச்சத்து நிறைந்தது"ன்னு பாக்கெட்ல போட்டிருக்கேன்னு நீங்க அந்த பிஸ்கெட்டை வாங்கறதா எழுதியிருந்தீங்க. பாக்கெட்டைத் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவுன்னு பாருங்க. சர்வதேச உணவுத் தர விதிப்படி 100 கிராம்ல 3 கிராம் இருந்தாலே "நார்ச்சத்து உள்ளது"ன்னும், 6 கிராம் இருந்தா "நிறைந்தது"ன்னும் போட்டுக்கலாம். ஒரு பிஸ்கெட் எட்டு கிராம்னு வைங்க, ரெண்டு பிஸ்கெட் சாப்பிட்டா நிறைஞ்ச வகையிலயே ஒரு கிராம்தான் கிடைக்குது. ஒரு நடுத்தர ஆப்பிளைத் தோலோட கடிச்சா நாலு கிராம். கம்மி மிட்டாயும் இதே கதைதான், சர்க்கரையோட கொஞ்சம் நார், காசு தண்டம்.

எதை மாத்தறது, எவ்வளவு வேகமா மாத்தறது

உள்ள தங்கினது காலியான பிறகு ஆரம்பிங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாத்தான் குடல் பாக்டீரியாவும் ஈடு கொடுக்கும், இல்லைன்னா திரும்ப கேஸ், திரும்ப "வயிறு வலிக்குது". முதல் வாரம் பிரெட்டை மட்டும் முழுக்கோதுமைக்கு மாத்துங்க, ரெண்டு ஸ்லைஸ்ல நாலு கிராம் கிட்ட வந்துடும், பழுப்பு நிறமா இருக்கற பிரெட்டெல்லாம் முழுக்கோதுமை இல்லை, சேர்மானப் பட்டியல்ல முதல் பேரே முழுக்கோதுமை மாவுன்னு இருக்கணும். அடுத்த வாரம் ஒரு கிளாஸ் ஜூஸை எடுத்துட்டு அந்த இடத்துல முழுப் பழம். ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு எது பிடிக்குதோ அது. பேரிக்காய் கிடைச்சா ரொம்ப நல்லது, ஒண்ணுல அஞ்சு கிராமுக்கு மேல, கூடவே சார்பிட்டால்னு ஒரு இயற்கைச் சர்க்கரை தண்ணியை இழுத்து மலத்தை இளக்கும். மூணாவது வாரம் பருப்பு. அரை கப் வெந்த பருப்புல ஏழு கிராமுக்கு மேல இருக்கு, இந்தப் பட்டியல்லயே அதுதான் ராஜா, ஆனா யாரும் அதை நார்ச்சத்துன்னு நினைக்கறதே இல்லை, எல்லாரும் கீரை கீரைங்கறாங்க. நல்லா மசிச்சு சாதத்தோட கலந்துட்டா பொறுக்கி வைக்கவும் வழியில்லை பாருங்க.

ஆனா எல்லாத்தையும் ஒளிச்சு வச்சே கொடுத்தா அவன் காய் சாப்பிடக் கத்துக்க மாட்டான். புது ருசியை ஒரு குழந்தை ஏத்துக்க எட்டு, பத்து, சில பேருக்குப் பதினஞ்சு தடவைகூட ஆகும், நாம மூணாவது தடவையிலயே "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முத்திரை குத்திடறோம். கேரட் ரெண்டு துண்டு தட்டுல இருக்கட்டும், சாப்பிட்டாலும் சரி சாப்பிடாட்டியும் சரி, பேச்சே எடுக்காதீங்க, நீங்களும் அவரும் அதையே சாப்பிடுங்க. அப்பா தட்டுல காய் இல்லாம பையன் தட்டுல மட்டும் இருந்தா அது அவனுக்குத் தண்டனையாத்தான் தெரியும். "காய் சாப்பிட்டா ஐஸ்கிரீம்"னு பேரம் வேண்டாம், காய் கஷ்டமான பொருள், ஐஸ்கிரீம்தான் பரிசுன்னு நாமளே சொல்லிக் கொடுக்கற மாதிரி ஆயிடும்.

தண்ணி பத்தி நீங்க எதுவும் எழுதலை. நார் ஏறும்போது தண்ணியும் போதுமான அளவு போகணும், பாலோட சேர்த்து ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் கிட்ட இந்த வயசுக்குச் சரி, வெயில்ல ஓடி விளையாடினா கூட வேணும். ஆனா தண்ணியைக் குடம் குடமா ஊத்தினா மலச்சிக்கல் போயிடும்ங்கறதும் உண்மையில்லை, தேவைக்கு மேல குடிச்சா அது சிறுநீராத்தான் போகும்.

பாட்டி சொல்ற பால் விஷயத்துக்கு வர்றேன், அவங்களைக் குறை சொல்லலை, பால்ல கால்சியமும் புரதமும் இருக்கறது வாஸ்தவம். ஆனா மூணு பெரிய டம்ளர்னா 750 மில்லி ஆச்சு, வயிறு அதுலயே ரொம்பிடும், அப்புறம் தட்டுல எதைப் போட்டாலும் "வேண்டாம்"தான். இரும்புச்சத்தும் பால்ல ரொம்பக் குறைவு. ரெண்டு டம்ளர், மொத்தம் 500 மில்லிக்குள்ள நிறுத்துங்க, அதையும் சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுக்காதீங்க, சாப்பாட்டுல தானா பசி வரும். சில குழந்தைங்களுக்கு பசும்பால் புரதமே மலச்சிக்கலைக் கொடுக்கறதும் உண்டு, ஆனா அது டாக்டர் சந்தேகப்பட்டு ரெண்டுலேர்ந்து நாலு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னாத்தான், நீங்களா பாலை அடியோட நிறுத்திடாதீங்க. ஜூஸ் இந்த வயசுல ஒரு நாளைக்கு 120-லேர்ந்து 180 மில்லிக்கு மேல வேண்டாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொல்லுது, பிழிஞ்சு வடிகட்டறப்போ நார் சக்கையோட குப்பைக்குப் போயிடுது, சர்க்கரை மட்டும் கிளாஸ்ல.

உக்கார வைக்கற பழக்கம்

இது இல்லாம மேல சொன்ன எதுவும் முழுசா வேலைக்கு ஆகாது. சாப்பிட்டவுடனே பெருங்குடல் தானா அசையும், அதைப் பயன்படுத்திக்கணும். காலை சாப்பாடு, ராத்திரி சாப்பாடு முடிஞ்சு கால் மணி நேரத்துல டாய்லெட்ல அஞ்சு நிமிஷம், கூடப்போனா பத்து நிமிஷம் உக்கார வைங்க, வந்தாலும் வராட்டியும் எழுந்துடலாம். வெஸ்டர்ன் டாய்லெட்னா கால் தொங்கக் கூடாது, கீழ ஒரு ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயரமா வர்ற மாதிரி இருக்கட்டும், தொங்கற காலோட முக்கறது பெரியவங்களுக்கே கஷ்டம். உக்கார்ந்ததுக்கு ஸ்டிக்கர் கொடுங்க, மோஷன் போனதுக்குக் கொடுக்காதீங்க, ஏன்னா உக்கார்றதுதான் அவன் கையில இருக்கு. ஸ்கூல் டாய்லெட் பிடிக்காம அடக்கறானான்னும் மெதுவா கேளுங்க, ஸ்கூல் சேர்ந்த பிறகு ஆரம்பிக்கற மலச்சிக்கல் ரொம்ப சகஜம், டீச்சர்கிட்ட சொல்லி கேட்டவுடனே அனுப்பற மாதிரி பண்ணிக்கலாம்.

எப்போ உடனே காட்டணும்

உங்க பையனை எப்படியும் இந்த வாரமே ஒரு குழந்தைகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வயித்தை அமுக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் கட்டி தெரிஞ்சிடும். பச்சையா வாந்தி, வயிறு பெரிசா வீங்கி இறுகறது, காய்ச்சல், எடை ஏறாம இருக்கறது, கால்ல பலவீனம் இல்லைன்னா நடை மாறறது, ரத்தம் திரும்பத் திரும்ப வர்றது, இதுல ஏதாவது இருந்தா வாரம்கூட காத்திருக்காதீங்க. பிறந்தப்போ முதல் மலம் ரெண்டு நாளுக்கு மேல தாமதமா போச்சா, முதல் மாசத்துலேர்ந்தே இந்தப் பிரச்சினை இருந்துச்சான்னு டாக்டர் கேப்பாங்க, ஞாபகப்படுத்தி வச்சுக்குங்க. படுக்கையை நனைக்கறது, சிறுநீர்ல எரிச்சல் இருந்தாலும் சொல்லுங்க, நிறைஞ்ச மலக்குடல் முன்னாடி இருக்கற சிறுநீர்ப்பையை அமுக்கும்.

தங்கச்சிப் பாப்பாவுக்குப் பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன வயித்துல தவிட்டை ரொப்பினா வளர்றதுக்கு வேண்டிய சாப்பாடு போக இடம் இருக்காது, தவிட்டுல இருக்கற பைட்டேட்ங்கற பொருள் இரும்பு, துத்தநாகத்தையும் உடம்புல சேர விடாம பிடிச்சுக்கும். அண்ணனுக்கு வீட்ல மாத்தற அதே பிரெட், அதே பருப்பு, அதே பழம் அவளுக்கும் போதும், அளவு மட்டும் குறைவா. முழு நட்ஸ், பாப்கார்ன் இந்த வயசுல தொண்டையில அடைக்கும், கொடுக்காதீங்க, பச்சைக் கேரட்டைத் துருவியோ வேக வச்சோ கொடுங்க, திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்குங்க. டாய்லெட் பழக்கறீங்கன்னா, அவ முரண்டு பிடிச்சா ஒரு மாசம் தள்ளிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க, கட்டாயப்படுத்தி உக்கார வச்சா அவளும் அடக்க ஆரம்பிச்சிடுவா.